எண்பத்தேழாம் நம்பர் கதவு

துணி ஏற்றுமதிக் கம்பெனியில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். தைத்து முடித்து வரும் சட்டைகளில் தொங்குகிற நூல் பிசிறுகளை வெட்டிப் போடுவது அவள் வேலை. காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை நின்றபடியே வெட்ட வேண்டும். ஒரு சட்டைக்கு முப்பத்தைந்து வினாடி. பதினோரு வருஷமாக அதே மேஜை, அதே குழல்விளக்கு. கையில் கத்திரி இருப்பதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளிடம் ஒருமுறை வாய் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

அவள் ஆயுளில் அரசாங்கம் அவள் வீட்டு வாசலுக்கு வந்தது மூன்று முறை. மூன்று முறையும் இடிக்கத்தான் வந்தது. முதல் முறை அவளுக்கு ஒன்பது வயது. ரயில் நிலையத்தை அகலப்படுத்துகிறோம் என்றார்கள். அடுப்பில் உலை கொதிக்கிறது, பத்து நிமிஷம் பொறுங்கள் என்று அவள் அம்மா கெஞ்சினாள். பொறுக்கவில்லை. இரண்டாவது முறை அவள் கல்யாணமாகி வந்த வருஷம். சந்தைக்கு மதில் சுவர் கட்ட வேண்டுமாம். மூன்றாவது, இந்த ஓடைக்கரை. பதினாறு வருஷம் இருந்த இடம். இப்போது சாலை வருகிறது. காரணம் எப்போதுமே நல்ல காரணம்தான். ஊருக்கு வருகிற நல்லதெல்லாம் ஏன் இவள் அடுப்பு மேலேயே வந்து விடிகிறது என்று மட்டும் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஆனால் மூன்றாவது முறை ஒரு வித்தியாசம் இருந்தது. வெறுங்கையோடு துரத்தக்கூடாது, வீடு கொடுத்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. ஓடைக்கரையில் மேடை போட்டு, மைக் பிடித்து, ஒரு பெரிய அதிகாரி பேசினார். "ஏழைகளுக்குக் கௌரவமான வீடு தருவது அரசின் கடமை. இது சலுகை அல்ல, உங்கள் உரிமை" என்றார். கத்திரி கை தட்டினாள். அன்றைக்குக் கை தட்டியதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊருக்கு வெளியே பதினாலு கிலோமீட்டரில் நாலு மாடிக் கட்டடங்கள். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, உள்ளேயே கழிப்பறை. கத்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுவரில் ஆணி அடித்தால் காரை உதிர்கிறது, மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை, கம்பெனிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். எல்லாம் தெரிந்தது. ஆனால் கழிப்பறைக் கதவில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அதை இழுத்துப் போட்டு, தள்ளிப் பார்த்து, மறுபடி இழுத்துப் போட்டுப் பார்த்தாள். அவள் மகளுக்குப் பதினாலு வயது. ஓடைக்கரையில் நூறு குடும்பத்துக்கு ஒரு பொதுக் கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும். அந்தப் பெண் மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி இரண்டு வருஷமாகிவிட்டது. போன வருஷம் அதனாலேயே நீர்க்கடுப்பு வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காரை உதிர்ந்தால் உதிரட்டும், அந்தத் தாழ்ப்பாள் ஒன்று போதும் என்று கத்திரி முடிவு செய்துவிட்டாள்.

வீடு யார் யாருக்கு என்று முடிவு செய்ய இரண்டு கட்டமாகக் கணக்கெடுப்பு. முதலில் ஒரு குழு வந்து ஒவ்வொரு கதவிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனது. ஒன்றிலிருந்து இருநூற்றுப் பதினாலு வரை. கத்திரி வீட்டுத் தகரக் கதவுக்கு எண்பத்தேழு. மூன்று வாரம் கழித்து இன்னொரு குழு வரும். நம்பரைப் பார்த்து, அந்தக் கதவு முன்னால் குடும்பத்தை நிறுத்திப் போட்டோ எடுத்து, பெயரைப் பதியும். இதில் குழம்ப ஒன்றுமில்லை. மூன்று வாரம் கதவைச் சும்மா விட்டுவைத்தால் போதும்.

அதுதான் முடியவில்லை, அவள் புருஷனால்.

அவர் பெயிண்டர். ஓடைக்கரை முழுக்க அவரைப் பெயிண்டர் என்றுதான் கூப்பிடும். வாய் அதிகம் பேசாத மனுஷன். இருபது வருஷமாக ஊரான் வீட்டுக்கெல்லாம் வண்ணம் அடித்தவர், தன் வீட்டுக்கு ஒரு கோடு இழுத்ததில்லை. அந்த மூன்று வாரத்துக்கு நடுவில் மகள் ஒருநாள் சொன்னாள், பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி பாடம் எழுத வீட்டுக்கு வருகிறாளாம். "நம்ம கதவைப் பாத்தாலே அவ அப்படியே திரும்பிப் போயிடுவாப்பா. துரு, அதுக்கு மேல மஞ்சள்ல கோணல்மாணலா ஒரு நம்பர் வேற."

பெயிண்டருக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது. வேலை செய்த வீட்டிலிருந்து மீந்த நீல எனாமல் கொண்டுவந்தார். கத்திரிக்கு அன்று ஓவர்டைம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த வேலையை மனுஷன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து செய்தார். அதுவும் எப்படி? ஊரான் வீட்டில் மேஸ்திரி அவசரப்படுத்துவார் என்று பழைய பெயிண்ட் மேலேயே அடித்துவிட்டு வருகிறவர், சொந்தக் கதவு என்றதும் உப்புத்தாள் எடுத்துத் துரு போக, மஞ்சள் போக, தகரம் பளபளக்கத் தேய்த்தார். பிறகு அடிப்பூச்சாகப் பிரைமர். காய்ந்த பின் நீலம், ஒன்றுக்கு இரண்டு பூச்சு. வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார், அது அந்த வேலை.

"நம்பர் எங்கேய்யா?" என்றாள் கத்திரி வந்ததும்.

"அவங்க நோட்டுல எழுதியிருப்பாங்க" என்றார் பெயிண்டர், தூரிகையைக் கழுவிக்கொண்டே.

அவளுக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது. கதவு அழகாக இருந்தது என்பதும் உண்மை. தோழி வந்தாள், கதவைத் தொட்டுப் பார்த்து, "புது வீடா?" என்று கேட்டாள். மகள் முகத்தில் அன்றைக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாவது குழுவும் வந்து அதையேதான் கேட்டது. புருஷன், பெண்டாட்டி இருவரும் வேலையில், மகள் பள்ளிக்கூடத்தில். எண்பத்தாறு இருக்கிறது, எண்பத்தெட்டு இருக்கிறது, நடுவில் பளபளவென்று ஒரு நீலக் கதவு. "இது புது வீடா?" எதிர்வீட்டு அக்கா, "இல்ல தம்பி, பதினாறு வருஷமா இருக்கு" என்றாள். "நீங்க உங்க கதவுகிட்டப் போய் நில்லுங்கக்கா, போட்டோ எடுக்கணும்" என்றார்கள். தன் வீடு போய்விடுமோ என்ற பயத்தில் அவள் ஓடிப் போய்த் தன் கதவை ஒட்டி நின்றுகொண்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. குழு எழுதிக்கொண்டு போனது இது: எண் எண்பத்தேழு காணப்படவில்லை. அவ்விடத்தில் கணக்கெடுப்புக்குப் பின் புதிதாக ஒரு குடிசை போடப்பட்டுள்ளது. வண்ணம் புதியது.

வீடு கிடைத்தவர்கள் பட்டியலை ஒட்டிய அன்று கத்திரி அதை மூன்று தடவை படித்தாள். எண்பத்தேழு அதில் இல்லை. பிறகு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவள் பேசியதை முழுசாக இங்கே எழுத முடியாது.

"ஏன்யா, ஊரான் வீட்டுல எல்லாம் தேய்க்காம அடிப்ப. உன் வீட்டுல மட்டும் தேய்ச்சு அடிச்சியா? எவன்யா உன்னைத் தேய்க்கச் சொன்னது? தேய்க்காம அடிச்சிருந்தா சுரண்டியாவது காட்டியிருக்கலாமே! ஒழுங்கா வேலை செய்யணும்னு உனக்கு ஞானம் பொறந்த நேரத்தைப் பாரு!"

"அம்மா, நான்தான் சொன்னேன்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. நீ சின்னப் பொண்ணு, சொல்லுவ. இந்த மனுஷனுக்குக் கழுத்துக்கு மேல என்ன, பெயிண்ட் டப்பாவா இருக்கு?"

பெயிண்டர் மறுநாள் பெயிண்டைக் கரைக்கிற தின்னரும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நீலத்தை ஒரு பூச்சு, அடுத்த பூச்சு, பிரைமர் என்று தோல் தோலாக எடுத்தார். கீழே ஒரு மூலையில் தகரம் நெளிந்து குழிவிழுந்த இடம் இருந்தது. உப்புத்தாள் அங்கே எட்டவில்லை. அதில் ஏழின் வால் மஞ்சளாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அதைப் பார்த்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுவசதி அலுவலகத்துக்கு நடந்தார். பின்னாலேயே கத்திரி.

அங்கே வீடு ஒதுக்குகிற அதிகாரிக்கு வரிசையில் நிற்பவர்கள் வைத்திருந்த பெயர் 'நாளைக்கு'. எதைக் கேட்டாலும் நாளைக்கு வாங்க என்பார். அன்று மட்டும் அவர் நாளைக்கு என்று சொல்லவில்லை. கதவைக் குனிந்து பார்த்தார், மஞ்சள் பொட்டைப் பார்த்தார், பெயிண்டர் கை நகங்களைப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்கற?"

"பெயிண்டர் சார்."

"அப்புறம் என்ன? நீயே எழுதியிருப்ப. நாலாயிரம் கதவைப் பாத்தவன் நான், எங்கிட்டயே கதை விடறியா? ஓசில வீடு கெடைக்குதுன்னா தகரத்தைத் தூக்கிட்டு வந்துடறானுங்க, ஏமாத்துக்காரப் பசங்க."

பெயிண்டர் முகம் செத்துப் போயிற்று. இருபது வருஷத்தில் ஒரு வீட்டில்கூட ஒரு ஆணியைத் தொட்டதில்லை என்று பெயர் வாங்கிய மனுஷன். கத்திரி முன்னால் வந்தாள்.

"சார், என் புருஷனை நான் திட்டுவேன். அது எங்க வீட்டு விஷயம். நீங்க திட்டாதீங்க. அப்புறம் அந்த ஓசிங்கற வார்த்தை. ரோடு போட எங்க எடத்தை எடுத்துக்கறீங்கல்ல, அது என்ன வெலைக்கு வாங்கினீங்களா?"

"எடம் உன்னுதா? பத்திரம் இருக்கா?"

"பத்திரம் இருந்தா நான் ஏன் ஓடைக்கரையில குடியிருக்கேன்?"

அடையாள அட்டையை நீட்டினாள். அதில் ஓடைக்கரை என்று மட்டும் இருந்தது. ஓடை எட்டு மைல் ஓடுகிறது, அதில் எங்கே இருந்தாய் என்று அட்டையில் இல்லையே என்றார் 'நாளைக்கு'. சாட்சிக்கு ஆள் கூட்டி வருகிறேன் என்றாள். நம்பர் இல்லாத கதவுக்குச் சாட்சி செல்லாது என்றார். பிறகு தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பி, நாளைக்கு வாங்க என்றார்.

அந்த நாளைக்கு வருவதற்குள் இடிக்கிற இயந்திரம் வந்துவிட்டது. எண்பத்தாறை இடித்தது, எண்பத்தெட்டை இடித்தது, நடுவில் இல்லாத வீட்டையும் மறக்காமல் இடித்தது. அக்கம்பக்கத்தார் சாவியை வாங்கிக்கொண்டு லாரி ஏறினார்கள். எதிர்வீட்டு அக்கா லாரியிலிருந்து இவள் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெயிண்டருக்கு வேலை கொடுக்கிற மேஸ்திரி, பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கும் தகரக் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். ஜன்னல் இல்லை. டர்பன்டைன் நெடியில் மகளுக்கு இரவெல்லாம் இருமல். கழிப்பறைக்குப் பக்கத்து பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும், இருட்டிவிட்டால் அதுவும் இல்லை. மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை அந்தப் பெண் நிறுத்திவிட்டாள். கத்திரி ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அலைவாள். "குடிடி. நான் கூட வரேன்டி, குடி." மகள் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மேஸ்திரியும் நல்லவர்தான், ஆனால் மழைக்காலத்துக்குள் கொட்டகையைக் காலி செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நாலு மாதம் நடையாய் நடந்தாள். அரை நாள் விடுப்பு எடுத்தால் அரை நாள் சம்பளம் போகும், அந்த மாத ஊக்கத்தொகையும் சேர்ந்து போகும். அப்படி ஒருநாள் வரிசையில் நிற்கும்போதுதான் அலுவலகச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அறிக்கையைப் பார்த்தாள். சாலைப் பணி வெற்றிகரமாக முடிந்தது பற்றிப் பெருமையாக எழுதியிருந்தார்கள். அகற்றப்பட்ட குடிசைகள் 214. வழங்கப்பட்ட வீடுகள் 213. தினம் எண்ணூறு சட்டையில் ஒற்றைப் பிசிறு தேடுகிற கண் அது, சும்மா விடுமா?

மகளை உட்கார வைத்து மனு எழுதச் சொன்னாள். மகள் நல்ல கையெழுத்தில் எழுதினாள்: "நீங்கள் இருநூற்றுப் பதினான்கு வீடுகளை இடித்து, இருநூற்றுப் பதின்மூன்று வீடுகளைக் கொடுத்திருக்கிறீர்கள். கணக்கில் ஒன்று குறைகிறது. அந்த ஒன்று நாங்கள். சரிசெய்து தர வேண்டுகிறோம்." இல்லாத வீட்டை எப்படி இடித்தீர்கள் என்று கேள் என்றாள் கத்திரி. மகள் அதையும் எழுதினாள். மனுவை மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

ஒரு மாதத்தில் பதில் வந்துவிட்டது, அதிசயம்தான். தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது, திங்கட்கிழமை நேரில் வரவும். ஏற்கப்பட்டது என்ற வார்த்தையை மகள் சத்தமாக இரண்டு தடவை படித்தாள். பெயிண்டர் துவைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கத்திரி அவரைப் பார்த்துச் சிரித்தாள். "சாவி கொடுத்தான்னா அங்க கதவுல கை வைக்காதே, சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அவரும் சிரித்தார்.

அன்று 'நாளைக்கு' உட்காரச் சொன்னார். அதுவே புதுசு. கோப்பைப் பிரித்தார்.

"உங்க புகார் நியாயமான புகார்மா. எண்ணிக்கை ஒத்து வரலைதான். மேலிடத்துலயும் ஒத்துக்கிட்டாங்க. தப்பு எங்க பேர்லதான்."

"பரவாயில்லைங்க சார்" என்றாள் கத்திரி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து பெயிண்டர் கேட்டதே இல்லை.

'நாளைக்கு' பேனாவை எடுத்தார். கோப்பில் அகற்றப்பட்ட குடிசைகள் 214 என்று இருந்ததில் நாலை அடித்தார். பக்கத்தில் மூன்று என்று எழுதினார். சுருக்கொப்பம் போட்டார். சீல் வைத்தார். கோப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"சரி பண்ணியாச்சு. இப்ப ரெண்டும் எரநூத்துப் பதிமூணு. குறை தீர்ந்ததுன்னு இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க."

கொஞ்ச நேரம் கத்திரிக்கு விளங்கவில்லை. திருத்திய இடத்தையே பார்த்தாள். ரயில் நிலையத்தில் இடித்தவன்கூட இடித்தேன் என்று ஒத்துக்கொண்டான். இவன் இடித்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டான். பதினாறு வருஷம் அவள் சமைத்தது, அங்கே பிள்ளை பெற்றது, மழைக்குப் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்தது, எல்லாம் ஒரு பேனாக் கோட்டில் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது.

"பேனா குடுங்க" என்றாள்.

கொடுத்தார். அவள் அவர் எழுதிய மூன்றை அடித்தாள். ஒன்றுக்கு இரண்டு தடவை, தாள் கிழிய அடித்தாள். பக்கத்தில் பெரிதாக நாலு என்று எழுதினாள். அதன் கீழே, அவர் காட்டிய இடத்தில் இல்லை, அந்த நாலுக்குக் கீழே, தன் கையெழுத்தைப் போட்டாள்.

"ஏய்! ஏய்! அரசாங்க ஆவணம்! என்ன பண்றே நீ?" 'நாளைக்கு' நாற்காலி விழ எழுந்தார்.

"நீ பண்ணினதைத்தான் பண்றேன். நீ அடிச்சா திருத்தம், நான் அடிச்சா குத்தமா? என் வீட்டை நீ ஒருதடவை இடிச்ச, பொறுத்துக்கிட்டேன். இப்ப ரெண்டாவது தடவை இடிக்கிற, அதுக்கு எங்கிட்டயே கையெழுத்து கேக்கற. உனக்கெல்லாம் வெக்கமே கெடையாதா?"

"வா, போயிடலாம்" என்றார் பெயிண்டர், அவள் கையைப் பிடித்து.

"எங்கேய்யா போறது? எங்கேன்னு சொல்லு, போறேன்."

பெயிண்டர் பிடித்த கையை விடவில்லை. அவளை ஒட்டி நின்றுகொண்டார்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் வந்தார். ஆவணத்தைச் சேதப்படுத்திவிட்டாள், கேஸ் போடுங்கள், இவளை உள்ளே தள்ளினால்தான் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்று 'நாளைக்கு' கத்தினார். வெளியே வரிசையில் நின்றவர்கள் வாசலில் வந்து அடைத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் வயசானவர், நிதானமானவர். ஒரு படிவத்தை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துக்கொண்டார்.

"பேர்?"

சொன்னாள்.

"புருஷன் பேர்?"

சொன்னாள்.

"வீட்டு விலாசம்?"

கத்திரி 'நாளைக்கு' இருந்த பக்கம் கையை நீட்டினாள்.

"அதைக் கேக்கத்தான் அஞ்சு மாசமா இங்க வந்துக்கிட்டிருக்கேன். இவரைக் கேளுங்க. என்ன சொல்றாரோ அதையே எழுதிக்குங்க."

போலீஸ்காரர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தபடி நிமிர்ந்து, "சொல்லுங்க சார், விலாசம்" என்றார்.